ஏழாயிரம்பண்ணையில் ஒரு யூதச் சனிக்கிழமை

சொந்த ஊருக்குப் போனதை வெளிநாட்டுப் பயணம் என்று எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பத்தொன்பது வயதில் விருதுநகரை விட்டுக் கப்பலேறியவன் நான். இருபத்தைந்து வருஷம் கழித்து, ஐம்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதத்தில், சிங்கப்பூர் முதலாளி ஒருவருக்கு மொழிபெயர்க்கும் துபாஷியாகத் திரும்பி வந்தபோது, ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்காரர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலாளியின் பெயர் எஸ்ரா. அறுபது வயது, வெள்ளைத் தாடி, தலையில் எப்போதும் தொப்பி. பாக்தாதிலிருந்து வந்து சிங்கப்பூரில் கடை வைத்த யூதக் குடும்பம். பட்டாசு, தீப்பெட்டி, கிராம்பு, மிளகு என்று எதை வேண்டுமானாலும் வாங்கி விற்பார். அவரிடம் நான் பதினோரு வருஷமாகக் கணக்குப்பிள்ளை. எங்கள் இருவருக்கும் பொது மொழி கடைத்தெரு மலாய். எனக்கு நான்கு மொழி தெரியும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். நான்கும் அரைகுறை என்பது அந்த நான்கு மொழிக்காரர்களுக்கும் தெரியும்.

கப்பலிலேயே அவர் ஒரு விஷயத்தைத் திட்டமாகச் சொல்லிவிட்டார். "சண்முகம், சிவகாசியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் நான் கொச்சியில் இருக்க வேண்டும். என் மகன் இறந்து அன்றோடு ஒரு வருஷம். அவனுக்காக ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். அதைத் தனியாகச் சொல்ல முடியாது. பத்து யூத ஆண்கள் கூடி நின்றால்தான் சொல்லலாம். இந்தப் பக்கத்தில் கொச்சியில்தான் பத்துப் பேர் இருக்கிறார்கள்."

"அது என் பொறுப்பு முதலாளி" என்றேன். என் வாழ்க்கையில் இந்த வாக்கியத்தைச் சொல்லி நான் நிறைவேற்றிய காரியம் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விருதுநகர். இருபத்தைந்து வருஷமாக எண்ணெயில் பொரித்த பரோட்டாவைக் கனவில் தின்றுகொண்டிருந்தவனை நேரில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகும்? எட்டுத் தின்றேன். எஸ்ரா எதிரே உட்கார்ந்து இரண்டு வாழைப்பழமும், ஓட்டோடு அவித்த இரண்டு முட்டையும் சாப்பிட்டார். அவர்களுக்கு விலக்கான உணவு உண்டு, விலக்கில்லாததையும் அவர்கள் முறைப்படி அறுத்துச் சமைத்தால்தான் தொடுவார்கள். கடைக்காரர் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: "பெரியவரு சைவமோ?"

"யூதர்" என்றேன்.

"அது எந்த ஊருப் பக்கம்?"

எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். புதிதாக ஒரு நாடு உண்டாகியிருக்கிறது, யூதர் எல்லாருக்கும் அதுதான் ஊர், நீலக்கோடு போட்ட கொடி, நடுவில் நட்சத்திரம், இவருடைய மகன்கூட அங்கேதான் சண்டையில் இறந்தான் என்று அடித்துவிட்டேன். கடையில் ஏழெட்டுப் பேர் கை கழுவாமல் நின்று கேட்டார்கள். வாழ்க்கையில் அப்படி ஒரு கூட்டம் எனக்குக் கூடியதில்லை.

இதே விளக்கத்தைத்தான் ஒரு மாதத்துக்கு முன் சிவகாசி பால்ராசு அண்ணாச்சிக்குக் கடிதமாகவும் எழுதியிருந்தேன். நாரணாபுரத்தில் வெடிக் கம்பெனி, ஊருக்குள் அச்சாபீசு, ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டிக் கொட்டகை என்று மூன்று தொழில் செய்கிறவர். சிவகாசி வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். யார் ஆர்டர் கொடுத்தாலும் அவரவர் சாமியை லேபிளில் அடித்துத் தருவார்கள். வடக்கே போகும் பெட்டிக்குக் கிருஷ்ணர், கேரளத்துக்குப் போவதற்கு யானை, கடல் தாண்டிப் போவதற்கு அந்தந்த நாட்டு ராஜா. "வரப்போகிறவர் யூதர், அந்தப் புது நாட்டுக் கொடிதான் அவருக்குச் சாமி மாதிரி" என்று எழுதினேன். எழுதிவிட்டு, எவ்வளவு நயமாகச் சொல்லிவிட்டோம் என்று இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை அண்ணாச்சி வாசலில் மாலையோடு நின்றார். "வாங்க தொரை, வாங்க. பிரயாணமெல்லாம் சவுரியமா இருந்துச்சா? கெடா அடிச்சிருக்கோம், மொதல்ல சாப்பிடுங்க. அப்புறந்தான் தொழில் பேச்சு."

கிடாக்கறியை எஸ்ரா தொடவில்லை. அவருக்கு வைத்த பங்கையும் நானே சாப்பிட்டேன். விருந்தோம்பலை அவமதிக்கக் கூடாதல்லவா.

சாப்பாடு முடிந்ததும் அண்ணாச்சி ஒரு தாளை விரித்தார். மை காயாத மணம். நீலக்கோடு இரண்டு, நடுவில் ஆறுமுனை நட்சத்திரம், இருபுறமும் சிங்கம், கீழே "எஸ்ரா மார்க்" என்று மூன்று மொழியில். ஒரு தாளில் நாற்பது லேபிள். "மாதிரிக்குத்தான் அடிச்சோம். கலர் எடுப்பா இருக்குல்லா? சாமிக்குக் கொற வச்சிறக் கூடாதுன்னு நாலு மையில போட்டிருக்கோம்."

எஸ்ரா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இதை யார் சொல்லி அடித்தார்கள்?" என்று மலாயில் கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அண்ணாச்சியிடம் சொல். அச்சு மிக நன்றாக இருக்கிறது. ஆனால் இது என் மதம் இல்லை. என் மகனுடைய கட்சி."

அதை அப்படியே சொன்னேன். அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். பதினோரு வருஷம் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு, அவர் யார் என்று ஊருக்கெல்லாம் விளக்கியவன், தாளைச் சுருட்டி அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை அண்ணாச்சி வீட்டு மாடியில் எஸ்ராவே பேச்சை எடுத்தார். அவருக்கு விளக்கம் சொல்வது பிடிக்காது. "நான் வியாபாரி, மதகுரு இல்லை" என்று ஆரம்பித்துவிட்டுத்தான் சொன்னார்.

"எங்கள் மதம் மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. சியோனிசம் என்ற இயக்கத்துக்கு என் வயதுதான் இருக்கும். தினம் மூன்று வேளை எருசலேமுக்குத் திரும்ப வேண்டும் என்று ஜெபிக்கிறோம். என் தகப்பனார் ஆயுள் முழுக்க ஜெபித்தார், சிங்கப்பூரிலிருந்து மேற்கே ரங்கூனைத் தாண்டிப் போகவில்லை. ஜெபிப்பது மதம். கூட்டம் போட்டு, நிலம் வாங்கி, கொடி தைத்து, நாடு அமைத்தது இயக்கம். ஓய்வுநாளை அனுசரிக்காமல், கடவுளையே நம்பாமல் அந்த இயக்கத்தில் இருப்பவர்கள் உண்டு. கடவுளை மட்டும் நம்பி, நாட்டை அவர் தரட்டும், நாமாக எடுக்கக் கூடாது என்று ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் சிங்கப்பூரில் பாதிப் பேர். என் வீட்டில் ஆளுக்கு ஒன்று."

அண்ணாச்சிக்குச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அட, இம்புட்டுத்தானா? சாமி கும்பிடுறது வேற, கட்சி வேற. எங்க வீட்டுலயும் அதே கததான். நான் கதர்ச் சட்டை, எம் மவன் கருப்புச் சட்டை. பொங்கலுக்கு மட்டும் ஒரே பானையில திம்போம்."

இதை எஸ்ராவுக்குச் சொன்னேன். முதன்முறையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"என் மகன் எலியா என்ன கேட்டான் தெரியுமா? 'இரண்டாயிரம் வருஷமாக ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் அப்பா. சரக்கு துறைமுகத்துக்கு வந்துவிட்டது. இறக்க மாட்டேன் என்றால் எப்படி?' என்றான். நான் கத்தினேன். போனான். அந்த நாட்டின் எல்லையில் சுட்டுவிட்டார்கள். செய்தி வந்த அன்று எங்கள் கோயிலில் பாதிப் பேர் அவனை வீரன் என்றார்கள். மறுபாதி என்னைப் பார்த்து, நீ சொன்னது சரியாகப் போயிற்று என்பதுபோல் தலையாட்டினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆறுதல் சொல்ல யாரையும் உள்ளே விடவில்லை. அந்த ஜெபத்தையும் சொல்லவில்லை. அவர்கள் நடுவில் எழுந்து நின்று சொல்ல என்னால் முடியவில்லை. கொச்சியில் யாருக்கும் என்னைத் தெரியாது."

ஒரு வருஷத்துக்கு முன் கடை ஏழு நாள் மூடியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஏழு நாளில் நான் நான்கு சினிமா பார்த்தேன்.

இவ்வளவும் கேட்ட பிறகு ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? வியாழக்கிழமை ரயிலில் அவரை ஏற்றிவிட வேண்டும். சீட்டும் வாங்கியிருந்தேன். ஆனால் வியாழன் காலை நாரணாபுரத்தில் வெடி பார்க்கும்போது அண்ணாச்சி சொன்னார்: "ரயிலு எதுக்கு? எங் கார்லயே கொண்டுபோயி விட்டுருதேன். நாளைக்குக் காலம்பற ஏழாயிரம்பண்ணைக் கொட்டகையை ஒரு எட்டுப் பாத்துட்டு அப்பிடியே போயிறலாம். மத்தியானத்துக்கெல்லாம் மலையத் தாண்டிருவோம்."

ஏழாயிரம்பண்ணை என் அம்மாவைப் பெற்ற ஊர். அங்கே காரில் போய், ஒரு துரையோடு இறங்க வேண்டும் என்று எனக்குள் ஒருவன் குதித்தான். நான் எஸ்ராவைக் கேட்கவே இல்லை. கேட்டதாக அண்ணாச்சியிடம் சொன்னேன். எஸ்ராவிடம், ரயிலை விடக் கார் வேகம் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய கார், அண்ணாச்சி வீட்டுப் பணியாரம் தீரும் வரை கிளம்பவில்லை. பணியாரத்தைத் தீர்த்தது யார் என்று கேட்காதீர்கள். அண்ணாச்சி வேலையாக நின்றுவிட, டிரைவரோடு நாங்கள் எட்டு மணிக்கு மேல் புறப்பட்டு ஏழாயிரம்பண்ணைக்குப் போனோம். கரிசல் காடு முழுக்க ஆடிக் காற்று. வயல் வெடித்துக் கிடந்தது. நடுவில் ஓலைக் கொட்டகையில் நூறு பெண்கள் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் காவலாள் எல்லார் பையையும் தடவி, தீப்பெட்டி, பீடி, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். எஸ்ரா தன் பையிலிருந்த தீப்பெட்டியையும் கொடுத்தார்.

நான் சுற்றத்தாரைத் தேடிப் போனேன். யாரும் இல்லை. பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதிப் பேர் சாத்தூருக்குக் குடிபோயிருந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, வேறொருவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வீட்டில் மோர் குடித்து, அந்த வேறொருவனாகவே இருந்து குசலம் விசாரித்துவிட்டு வந்தபோது மணி பதினொன்று.

கார் கிளம்பி ஊர் எல்லை தாண்டவில்லை. டமார் என்றது. வெடி என்று நினைத்து இரண்டு பெண்கள் ஓடினார்கள். டயர். மாற்று டயரிலும் காற்றில்லை. டிரைவர் கருப்பசாமி அதைச் சைக்கிளில் வைத்துச் சாத்தூருக்கு எடுத்துப் போய் ஒட்டிக்கொண்டு வந்தபோது மணி மூன்றரை. அதற்குப் பிறகு இன்ஜின் இருமியது. கருப்பசாமி மூடியைத் திறந்து உள்ளே புகுந்தார். எங்கள் காலமும் உள்ளே போயிற்று.

எஸ்ரா சாலையோரத்து வேப்பமரத்தடியில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறேகால் மணிக்கு, "கொச்சி இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு விளக்காவது ஏற்ற வேண்டும். இறந்தவனுக்காக இருபத்துநாலு மணி நேரம் எரிய வேண்டும். சூரியன் மறைவதற்குள் ஏற்றிவிட வேண்டும். அதற்கப்புறம் ஓய்வுநாள், நான் தீயைத் தொடக்கூடாது. தீப்பெட்டி கொடு" என்றார்.

என்னிடம் இல்லை. கருப்பசாமியிடம் இல்லை. எல்லாம் கொட்டகை வாசலில் காவலாளிடம் இருந்தது, நாங்கள் திரும்பி வாங்க மறந்திருந்தோம். காவலாள் பூட்டிக்கொண்டு போய்விட்டார். தேசத்துக்கே தீப்பெட்டி செய்து அனுப்பும் சீமையில் ஒரு தீக்குச்சிக்காக நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பெட்டிக்கடையில் வாங்கிக்கொண்டு, ஒரு அகல் விளக்கும் எண்ணெயும் கடன் கேட்டுத் திரும்பி ஓடிவந்தேன். எஸ்ரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காரின் இன்ஜின் உறுமியது. கருப்பசாமி கைகளைத் துடைத்துக்கொண்டே, "இந்தா ரெடியாயிருச்சுய்யா. ஏறச் சொல்லுங்க, ஒரே மிதி, காலையில மொத ஆளா கொச்சியில நிப்போம்" என்றார்.

"இனி நாளை இரவு வரை வண்டியில் ஏற மாட்டேன்" என்றார் எஸ்ரா.

"முதலாளி, கால் மணி நேரந்தானே தாண்டியிருக்கிறது. நாளைக் காலையில் போனாலும் அந்த ஜெபம் சொல்லலாமே?"

"சொல்லலாம். அதற்காக ஓய்வுநாளை உடைத்துக்கொண்டு போய், கடவுளிடம் என்ன கேட்பது?"

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல் இருந்தது. குற்றம் முழுக்க நம்முடையதாக இருக்கும்போது அப்படித்தான் தோன்றும். கருப்பசாமி தலையைச் சொறிந்தார். "தீப்பெட்டி வாங்க வந்தவுக, தீக்குச்சி கிளிக்க மாட்டாகளாமே. நல்ல ஆர்டருதான்."

ஊர்ச் சாவடியில் தங்கினோம். கொட்டகையில் பெட்டி ஒட்டும் பேச்சியம்மா என்பவர் செம்பில் தண்ணீரும், வாழைப்பழமும், அவித்த முட்டையும் கொண்டுவந்து படிக்குக் கீழே நின்றபடியே நீட்டினார். நாற்பது வயதிருக்கும். நான் விளக்குக்காக ஓடியதை ஊரே பார்த்திருந்தது. என்ன ஏது என்று விசாரித்தார். சொன்னேன்.

"அந்த வெளக்க நான் ஏத்தலாமா?"

எஸ்ராவிடம் கேட்டேன். "எனக்காக ஏற்று என்று நான் கேட்கக் கூடாது" என்றார்.

"அவுக கேக்க வேணாம். வெள்ளிக்கிளம எம் புருசனுக்கு நான் ஏத்துறதுதான். போன வருசம் வெடிமருந்துக் கொட்டகையில வெந்து செத்துப்போனாரு. அவருக்கு ஏத்துறேன். வெளிச்சம் யாரு மேல பட்டா எனக்கென்ன?" என்று சொல்லி, சாவடிப் படிக்கு எதிரே கல்லின் மேல் அகலை வைத்து ஏற்றினார். காற்றுக்கு மறைப்பாக இரண்டு செங்கல்லும் வைத்தார்.

எஸ்ரா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மா போகவில்லை. "அய்யா, ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவுகள்ல செத்தவுக எங்கன போவாக?"

எஸ்ரா யோசித்தார். "எங்கள் மூன்று பேரைக் கேட்டால் நான்கு பதில் வரும். வேதத்தில் அதிகம் சொல்லவில்லை. இருக்கிறபோது என்ன செய்தாய் என்பதில்தான் எங்கள் ஆட்களுக்கு அக்கறை. ஆனால் வரப்போகிற உலகம் ஒன்று உண்டு என்று நம்புகிறோம். செத்தபின் ஆன்மாவை வெளுக்கிற ஓர் இடம் உண்டு. அதிகம் போனால் பன்னிரண்டு மாதம்."

"பன்னெண்டே மாசந்தானா? பரவால்லயே, எரக்கமுள்ள சாமிதான்."

"அதன்பின் தோட்டம். மறுபடி பிறப்பார்கள் என்று சொல்கிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். கடைசியில் ஒருநாள் செத்தவர்கள் எல்லாரும் உடம்போடு எழுந்திருப்பார்கள். அதனால்தான் நாங்கள் எரிப்பதில்லை, புதைக்கிறோம்."

இதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் பேச்சியம்மா செங்கல்லைக் கொஞ்சம் நகர்த்தி விளக்குக்குக் காற்று மறைத்தார். பிறகு கேட்டார்: "எம் புருசன அள்ளுறதுக்கே ஒண்ணும் இல்ல. ஒரு சாக்குலதான் கொண்டாந்தாக. அவரு எப்பிடி எந்திரிப்பாரு? கேளுங்க."

எனக்கு அதைக் கேட்கத் துணிவில்லை. "உங்கள் கடவுளுக்குச் சக்தி அதிகமா என்று கேட்கிறார்" என்று மலாயில் மாற்றிச் சொன்னேன்.

"அந்த அம்மாள் முகம் அதைக் கேட்கவில்லை. சரியாகச் சொல்" என்றார் எஸ்ரா.

சரியாகச் சொன்னேன். அவர் எழுந்து படியில் இறங்கி, விளக்குக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஐரோப்பாவில் எங்கள் ஆட்களை அடுப்பில் போட்டார்கள். குழந்தைகளையும். சாம்பலைக்கூட ஆற்றில் கொட்டிவிட்டார்கள். அவர்களை எழுப்ப முடியாத கடவுள் என்றால் என்னையும் எழுப்ப வேண்டாம். மண்ணிலிருந்து செய்தவருக்குச் சாம்பலிலிருந்து செய்வது கஷ்டமில்லை. இந்த அம்மாளிடம் சொல், அவர் புருஷன் எழுந்திருப்பார்."

சொன்னேன். பேச்சியம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டார். "எந்திரிச்சா நல்லதுதான். கந்தக வாட போகக் குளிப்பாட்டி அனுப்பச் சொல்லுங்க" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன். மொழிபெயர்க்கிறவன் அழக்கூடாது என்று யாரும் எனக்குச் சம்பளம் பேசும்போது சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை. எஸ்ரா சாவடிக்குள் தனியாக நின்று, தனியாகச் சொல்லக்கூடிய ஜெபங்களைச் சொல்லி முடித்தார். விளக்கு இன்னும் எரிந்தது. இரவில் பேச்சியம்மா வந்து எண்ணெய் விட்டிருக்க வேண்டும். வெளியே பார்த்தால் வேப்பமரத்தடியில் ஆண்கள் நின்றார்கள். எல்லாரும் பேச்சியம்மா தெருக்காரர்கள். கொட்டகைக்கு வேலைக்குப் போகும் முன்பு வந்திருந்தார்கள். முன்னால் பேச்சியம்மாவின் அண்ணன் காளி. பக்கத்தில் கருப்பசாமி பெருமையோடு, "பத்துப் பேரு வேணும்னீகல்லா? பதிமூணு பேரு இருக்கோம், எண்ணிக்கிடச் சொல்லுங்க" என்றார்.

நான் எஸ்ராவிடம் சொன்னேன். அவர் எல்லாரையும் பார்த்தார். "நல்ல மனிதர்கள். ஆனால் இந்த எண்ணிக்கை அப்படி நிறையாது. அவர்களிடம் நோகாமல் சொல்" என்றார்.

நோகாமல் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வராது. "அது அவுக சனமா இருக்கணுமாம்" என்று உடைத்துச் சொன்னேன்.

காளிக்கு ஒன்றும் வருத்தமில்லை. "அது அவுக மொற. அத நாங்க என்ன சொல்றது? நாங்க எண்ணிக்கைக்கு வரல. அவுகளுக்குப் புள்ள தவறிருச்சுன்னு தங்கச்சி சொல்லுச்சு. துட்டி கேக்க வந்தோம். கேக்காம வேலைக்குப் போனா நல்லாருக்காது."

எங்கள் பக்கத்தில் சாவு விசாரிப்பதற்குத் துட்டி கேட்பது என்று பெயர். எத்தனை நாள் ஆகியிருந்தாலும், இழந்தவரை முதலில் பார்க்கும்போது துட்டி கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. வந்தவர்கள் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டுவார்கள். இழந்தவர் தொடுவார். பிறகு உட்கார்வார்கள். ஒரு சொல்லும் கிடையாது.

"ஏன் மரத்தடியிலேயே நிற்கிறார்கள்? மேலே வரச் சொல்" என்றார் எஸ்ரா.

சாவடி மேல்தெருக்காரர்களுடையது. காளியின் சாதிக்காரர்கள் அதில் ஏறக் கூடாது. "அங்கே நிழல் நன்றாக இருக்கிறது முதலாளி" என்றேன். வந்த நாளிலிருந்து என் ஊரைப் பற்றி அளந்துகொண்டிருந்தவனுக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"அப்படியானால் நான் போகிறேன்" என்று அவர் இறங்கிப் போனார்.

பதிமூன்று பேரும் வரிசையாக வந்தார்கள். கைகளை நீட்டினார்கள். முதல் இரண்டு பேரைப் பார்த்து எஸ்ரா விழித்தார். மூன்றாவது ஆளிலிருந்து தானாகத் தொட்டார். தொட்டவர்கள் மரத்தைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். எஸ்ராவும் தரையில் உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை. காற்று மட்டும் அடித்தது.

கொஞ்ச நேரம் கழித்து எஸ்ரா என் பக்கம் திரும்பி, "இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"எதை?"

"எங்களிலும் இப்படித்தான். ஆறுதலுக்கு வருகிறவன் தரையில் உட்கார வேண்டும். இழந்தவன் வாயைத் திறக்கும் வரை அவன் பேசக் கூடாது. ஒரு வருஷமாக நான் யாரையும் இப்படி உட்கார விடவில்லை."

பிறகு அவர் வாயைத் திறந்தார். மலாயில் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை. அவர்கள் வீட்டு அரபியில். எலியா, எலியா என்று இடையிடையே வந்த பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. கையைத் தாழ்த்திச் சின்ன உயரம் காட்டினார், பிறகு கொஞ்சம் பெரிய உயரம். ஏதோ நினைத்துச் சிரித்தார். ஒரு இடத்தில் குரலை உயர்த்திக் கத்தினார், அது மகனோடு போட்ட சண்டையாக இருக்க வேண்டும். கத்தியவர் அப்படியே முகத்தை மூடிக்கொண்டார். மரத்தடியில் பதிமூன்று பேரும் அவர் பேசப் பேச "ம்" என்றார்கள். வேலைக்கு நேரமாயிற்று என்று ஒருவரும் எழவில்லை.

விளக்குப் பக்கத்தில் நின்ற பேச்சியம்மா என்னிடம் கிசுகிசுத்தார்: "என்ன சொல்றாக?"

"தெரியல" என்றேன்.

"பதினோரு வருசமா கூட இருக்கீக. மகன் செத்து ஒரு வருசமாச்சு. நீங்க துட்டி கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை. கடை திறந்த எட்டாம் நாள், சரக்குக் கப்பல் வந்த விவரத்தைத்தான் முதலில் சொன்னேன். அவர் மகனுடைய சாவைப் பற்றி ஊர் ஊராக, பரோட்டாக் கடையில்கூட விளக்கியிருக்கிறேன். அவரிடம் ஒரு சொல் பேசியதில்லை.

தோளில் துண்டு இல்லை. கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவர் பேசி நிறுத்திய இடைவெளியில் எதிரே போய்க் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். எஸ்ரா கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரியாதவர்போல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கைகளைத் தொட்டார். மற்றவர்களைப்போல் தொட்டதும் விடவில்லை, பிடித்துக்கொண்டார்.

"நீயும் வந்துவிட்டாயா, சண்முகம்?" என்றார்.

பதினான்காவது ஆளாகத் தரையில் உட்கார்ந்தேன்.